இடது காதுப் பேச்சு

கம்பியின் மனைவிக்கு இரண்டு பேச்சு. வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று. வலது பக்கமாக வந்து டீயை வைத்தால், "என்னங்க, ஆறிடப் போகுது, குடிங்க." அதே டீயை இடது பக்கமாக வந்து வைத்தால், "யோவ், கொட்டிக்கோ." இரண்டுக்கும் கம்பி ஒரே மாதிரிதான் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பையை எடுப்பார்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று மற்றவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அவளுக்கு அலுக்கவே இல்லை. ஊதுகிறவளுக்கு அதில் ஒரு சுகம் உண்டு என்பது அந்தப் பழமொழியைச் சொன்னவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவன் கல்யாணம் ஆகாதவனாக இருந்திருப்பான்.

இது தற்செயலாகத்தான் தொடங்கியது. கீழே கடை, மேலே வீடு. சோபா உறை, ஜன்னல் திரை, கார் சீட்டு உறை எல்லாம் தைக்கிற கடை, அவளுடையது. ஒரு நாள் மெத்தைச் சுருள்கள் வந்து வாசலில் இறங்கின. வேலைக்கு வரும் பெண்கள் இரண்டு பேரும் அன்று லீவு. அவள் மாடிக்கு வந்து, "என்னங்க, ஒரு கை பிடிங்க" என்றாள். கம்பி மடியில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார். "இப்பதான் ஒண்ணு பிடிபட்டுது, கலைக்காத" என்றார். அவள் தனியாகவே சுருள்களை உருட்டி உள்ளே தள்ளினாள். பிறகு முகம் கழுவ மேலே வந்தவள், அவருடைய இடது தோளைத் தாண்டிப் போகும்போது, "நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா" என்று முணுமுணுத்தாள். முணுமுணுப்பு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். கம்பி கண்ணை மூடிக்கொண்டு புன்னகைத்தார்.

அவள் பயந்துபோனாள். மறுநாள் சோதித்துப் பார்த்தாள். இடது பக்கம் நின்று, "வீட்டுல தீப்பிடிச்சிருச்சு" என்றாள். அவர் பாட்டுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் போய், "சாப்பிட வாங்க" என்றாள். எழுந்து வந்துவிட்டார்.

நல்ல மனைவியாக இருந்தால் அன்றைக்கே கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பாள் என்று நீங்கள் சொல்வீர்கள். அவளும் முயலாமல் இல்லை. வலது பக்கம் உட்கார்ந்து, "காதை ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள். கம்பி குதித்தார். "கிட்டார்காரன்கிட்ட வந்து காது சரியில்லன்னு சொல்றியா? இந்தக் காதுதான் நமக்குச் சோறு போடுது, தெரிஞ்சுக்கோ."

அந்த வீட்டுக்குக் காது வழியாகச் சோறு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. தையல் மிஷின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து, மேஜையைச் சுற்றி இடது பக்கம் போய் நின்று, அதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

அவருக்குக் கம்பி என்று பெயர் வந்த கதை பழையது. நான்கு பேர் சேர்ந்து ராக் குழு நடத்திய காலம். மேடையில் அவர் கிட்டாரை இழுக்கிற இழுப்பில் ஏதாவது ஒரு கம்பி அறுந்துவிடும். அறுந்தது காற்றில் ஆட, மிச்சக் கம்பிகளிலேயே வாசித்து முடிப்பார். கூட்டம் "கம்பி, கம்பி" என்று கத்தும். பெயர் ஒட்டிக்கொண்டது, பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் மிஞ்சியது. விஷயம் தெரியாத புது ஆட்கள், எங்கேயோ கம்பி எண்ணிவிட்டு வந்தவர் போலிருக்கிறது என்று ஒதுங்கி நின்றதும் உண்டு.

மேடையில் அவர் நிற்கிற இடம் டிரம்ஸுக்கு ஒட்டினாற்போல. டிரம்ஸ்காரனின் பெரிய பித்தளைத் தட்டு அவருடைய இடது காதுக்கு ஒரு முழம் தள்ளி இருக்கும். வாரா வாரம், வருடக்கணக்காக அந்த அடி. அந்த வயதில் காது எதற்கு? கடுக்கன் மாட்டுவதற்கு. நான்கு பேரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் தொங்கவிட ஒரு கறுப்புத் திரை தைக்க வந்தவள்தான் அவள். அளவெடுத்துக்கொண்டிருந்தபோது கம்பி வந்து துணியைத் தொட்டுப் பார்த்து, "இது சத்தத்தைக் குடிக்குமா?" என்று கேட்டார். சாயம் போகுமா, சுருங்குமா என்று கேட்கிறவர்களைத்தான் அவள் பார்த்திருந்தாள். துணி சத்தத்தைக் குடிக்குமா என்று ஒருவன் கேட்டது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த ஒரு கேள்வியில் விழுந்தவள், எழுந்திருக்கவே இல்லை.

குழு மூன்று கேசட் போட்டது. மூன்றாவதில்தான் வினை. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்துகொண்டு, கடைசியில் எதை ஏற்றுவது எதை இறக்குவது என்று பார்த்துச் சேர்ப்பதற்கு மிக்ஸிங் என்று பெயர். அந்த நேரம் பார்த்துக் கம்பி காய்ச்சலில் கிடந்தார். பாடகன் போய் சவுண்ட் ஆள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். கேசட் வந்து கேட்டால், கிட்டார் அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதுபோல் இருக்கிறது. பாடகன் மட்டும் காதுக்குள் வந்து நிற்கிறான். பெரிய சண்டை. குழு உடைந்தது. பாடகன் கம்பிக்கே கம்பி நீட்டிவிட்டுத் தனியாகப் போய்ப் பெரிய ஆளானான். கம்பி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்றால் உட்கார்ந்தேவிட்டார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்றார்கள். "மூக்கு ஒழுகுறதுங்களுக்கா?" என்றார். ஹோட்டலில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். "சூப் உறிஞ்சுறவன் முன்னாடி வாசிக்க மாட்டேன்" என்றார். தன் சொந்த ஆல்பம் ஒன்று வரும், அதை யார் கையிலும் கொடுக்காமல் தன் கையாலேயே மிக்ஸ் செய்வேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லச் சொல்ல மகள் பிறந்தாள், வளர்ந்தாள், படித்தாள், வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். கீழே ஒரு மிஷின் நான்கு மிஷின் ஆயிற்று. அவள் முதுகு வளைந்தது.

கம்பி கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கைநீட்டும் பழக்கம் கிடையாது. இதையே ஒரு பெரிய பட்டமாக எல்லோரும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், என்னவோ அடிக்காமல் இருப்பது ஓர் உத்தியோகம் என்பதுபோல. ஆனால் அவருக்கு ஏதாவது மெட்டு வந்துவிட்டால் மேலே தரையில் குதிகாலால் தட்டுவார். தட்டினால் கீழே மிஷின்கள் நிற்க வேண்டும். மற்ற சத்தமெல்லாம் கேட்கிறதோ இல்லையோ, மிஷினின் அந்த 'ம்ம்ம்' மட்டும் அவருக்கு எப்படியோ கேட்டுவிடும். தைக்கிற பெண்கள் காலைத் தூக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வாடிக்கையாளர் வாசலில் நின்று, "என்ன, கரண்ட் இல்லையா?" என்பார். "ஆமா, மேல போயிடுச்சு" என்பாள் அவள். பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

இதெல்லாம் இடது காதுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. பல் வலித்தது, மகள் போனில் அழுதது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, கல்யாணமே ஒரு தப்பு என்பது, ஏதோ ஒரு நாள் அவர் தலைமுடி வெளிச்சத்தில் வெளுத்துத் தெரிந்தபோது அவளுக்கே தெரியாமல் வந்துவிட்ட "உன்ன விட்டா எனக்கு யாருய்யா இருக்கா" என்பது வரைக்கும். வலது காதுக்கு உப்புப் போதுமா என்பது மட்டும் போயிற்று. அவர்களைப்போல் சண்டையில்லாத தம்பதியைப் பார்க்க முடியாது என்று தெருவில் பெயர்.

அப்படியிருக்கையில் ஒரு நாள், ஒரு சின்ன இசை நிறுவனத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் படியேறி வந்தார்கள். அந்த மூன்றாவது கேசட்டை எங்கேயோ தோண்டி எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். "பின்னால ஒரு கிட்டார் ஓடுது பாருங்க சார், அதுக்காகவே திரும்பத் திரும்பக் கேட்டோம். நீங்க தனியா ஒரு ஆல்பம் பண்ணுங்க" என்றார்கள். கம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பிடியை விடவில்லை. "மிக்ஸிங் என் கையாலதான். நான் சரின்னு சொல்ற வரைக்கும் ஒருத்தன் தொடக்கூடாது" என்றார். அதற்கென்ன என்று பிள்ளைகள் கையெழுத்தே போட்டுக்கொடுத்தார்கள்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, கிட்டார் பையைத் தோளில் போட்டு, வேலைக்குப் போகிற மனிதனைப்போல அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு கடை வாசலில் நிற்பாள். கத்திரிக்கோல் கையிலேயே இருக்கும்.

ஆல்பத்துக்கு 'இளைப்பாறல்' என்று பெயர் வைத்தார். பாட்டே கிடையாது, கிட்டார் மட்டும்தான் முன்னால். எல்லாம் மெதுவான, தணிந்த இசை. "இத்தனை வருஷக் கோபமெல்லாம் போயிடுச்சு. தடவிக்கொடுக்கிற மாதிரி இருக்கணும்" என்றார். அதில் ஒன்றுக்கு 'அவளுக்கு' என்று தலைப்பு. "யாருக்குன்னு கேக்க மாட்டியா?" என்று சிரித்தார். அவள் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மிக்ஸிங் முடியப்போகிற நாள் அவளையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார். பஞ்சு வைத்துத் தைத்த சுவர்கள். தையல் எங்கே கோணல் என்றுதான் அவள் கண் முதலில் போனது. அங்கே பதிவு செய்கிறவரை எல்லோரும் சவுண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதுக்காரர், கம்பியைக் கும்பிடாத குறையாகப் பார்க்கிறவர். கம்பி மேஜை முன்னால் உட்கார்ந்து, "உன் பாட்டு, கேளு" என்று சொல்லி, விசையைத் தட்டினார்.

முதலில் ஒரு மெட்டு வந்தது. நல்ல மெட்டு. அவள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். மகள் பிறந்த புதிதில் அவர் முனகிக்கொண்டே நடந்த மெட்டு. அதன்மேல் இன்னொரு சத்தம் ஏறியது. தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். கிட்டாரின் ஒவ்வொரு சொடுக்கும் ஊசியாக வந்து குத்தியது. அவளுக்குப் பல் கூசியது. கம்பி கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் கனிந்து, விரலால் ஒரு விசையை இன்னும் மேலே தள்ளினார். "இன்னும் கொஞ்சம் மினுமினுப்பு வேணும்" என்றார். சவுண்டு தலையைக் குனிந்துகொண்டு தாடையை இறுக்கிக்கொண்டிருந்தார்.

கம்பி கைகழுவப் போன நேரம் சவுண்டு அவளை மாடிப்படிக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்களுக்குக் கேட்டுதுல்ல?"

"கேட்டுது."

"அண்ணனுக்கு மேல் சத்தம், கூர்மையா வர்றது எதுவும் ரெண்டு காதுலயும் ஏறலக்கா. மேடையில வாசிச்சவங்க நிறைய பேருக்கு இப்படி ஆகும். அவருக்குக் கேக்காததால ஏத்திக்கிட்டே போறாரு. மெட்டு தங்கம்க்கா. தங்கத்தை அரத்தால தேய்ச்சு வச்சிருக்காரு."

"நீங்களே அவர்கிட்ட சொல்றதுதானே?"

"நானா? போன வாரம் லேசா ஆரம்பிச்சேன். 'நீயும் பாடகன் ஆளா?'ன்னு கேட்டுட்டாரு. இன்னொரு தடவ பேசினா என்னைத் தூக்கிட்டு வேற ஆளை வச்சிப்பாரு. நீங்க சொன்னா கேப்பாருக்கா. வெள்ளிக்கிழமை வெளியீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதுக்கப்புறம் யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"சொல்றேன்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பினார்கள். கம்பிக்கு எப்போதும் ஜன்னலோரம் வேண்டும். பஸ்ஸில் இரண்டு வரிசையிலும் இடம் காலியாக இருந்தது. இடது வரிசையில் உட்கார்ந்தால் அவருடைய வலது பக்கம் அவள் வருவாள். வலது வரிசையில் உட்கார்ந்தால் அவருடைய இடது பக்கம் வருவாள். கம்பி இடது வரிசைக்குத்தான் போனார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அங்க வெயில் அடிக்கும், இங்க வாங்க" என்று வலது வரிசையைக் காட்டினாள். வெயில் எங்கே அடித்தது? காலையிலிருந்தே மப்பு.

பஸ் கிளம்பியதும் சொன்னாள். "யோவ், உன் பாட்டைக் காது கொடுத்துக் கேக்க முடியல. தகரத்தைக் கீறுற மாதிரி இருக்கு. உனக்குக் காது போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. நீ ஏத்தி ஏத்தி வச்சிருக்க. எல்லாரும் காதைப் பொத்திக்கப் போறாங்க. எனக்குன்னு ஒண்ணு பண்ணியே, அதையாவது ஒழுங்கா பண்ணக்கூடாதா? அதைக் கேட்டு எனக்குப் பல்லு கூசுதுய்யா."

முன்சீட்டுக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். கட்டிய புருஷனைப் பஸ்ஸில் வைத்து இப்படிக் கிழிக்கிறாளே என்ற பார்வை. பிறகு கம்பியைப் பார்த்தார். கம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். இதல்லவா புருஷன் என்று நினைத்திருப்பார்.

"பிடிச்சிருந்துதா?" என்று கம்பி திரும்பிக் கேட்டார்.

அவள் அவர் மார்புக்குக் குறுக்கே சாய்ந்து வலது காதருகே போய், "ரொம்ப" என்றாள்.

மறுநாள் சவுண்டு போன் செய்தார். "அக்கா, சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

சவுண்டு பெருமூச்சு விட்டார். "சரிக்கா, அவர் இஷ்டம்" என்று வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அது போயிற்று.

ஏன் இப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளிடம் ஒரு பதில் இல்லை, பல இருந்தன. பயம் ஒன்று. அந்த முகத்தில் வந்திருந்த கனிவைக் கலைக்க மனம் வரவில்லை என்பது இன்னொன்று. அதெல்லாம் சமாதானம். உண்மை வேறு. சொன்னால் டாக்டரிடம் போவார். காதில் ஏதாவது மாட்டுவார்கள். அப்புறம் இடது காது அவளுக்கு இல்லை. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்தக் காது ஒன்றுதான். அதற்கும் கீழே ஒன்று கிடந்தது, அதை அவளே எடுத்துப் பார்க்க விரும்பவில்லை: மிஷினை நிறுத்து, மிஷினை நிறுத்து என்று தட்டின குதிகால். ஒரு தடவை இவரும் படட்டுமே.

ஆல்பம் வந்தது. யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்திக்கொண்டவர்களும் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். 'கிழட்டுச் சிங்கத்தின் ஆத்திரம்' என்று ஒருவர் எழுதினார். இளைப்பாறல் என்ற தலைப்பே உலகத்தைப் பார்த்துச் செய்த கிண்டல் என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். 'அவளுக்கு' என்பதைக் கேட்டுவிட்டு, ஒரு பெண் மேல் இவ்வளவு வெறுப்பை யாரும் இசையில் கொட்டியதில்லை என்று எழுதினார்கள். சின்னப் பிள்ளைகள் அதை மோட்டார் சைக்கிளில் அலறவிட்டுக்கொண்டு போனார்கள். மகள் போன் செய்து, "அம்மா, அப்பாவுக்கு யார் மேல இவ்வளவு கோவம்? உங்க மேலயா?" என்று கேட்டாள்.

கம்பிக்கு முதலில் குழப்பம். "கோவமா? இதுலயா? முட்டாப் பசங்க" என்றார். பிறகு கூட்டம் கூடக் கூட, "புரியாதவன் பாராட்டினாலும் பாராட்டுதானே" என்று சமாதானமானார். கடைக்கு வருகிறவர்கள் அவர் இருக்கிறாரா என்று மாடியை எட்டிப் பார்த்தார்கள். அவர் படட்டும் என்று நினைத்தவள். இப்போது அவர் சிரிப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

ரேடியோவில் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். கடையில் மிஷின்களை அவளே நிறுத்தச் சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டாள். பேட்டி எடுத்த பையன் கலகலப்பானவன். "சார், 'அவளுக்கு' முழுக்க மேல ஒரு சத்தம் ஓடுதே, டிரில் மிஷின் மாதிரி, காது கிழியுது. அதை எப்படிக் கொண்டுவந்தீங்க?" என்றான்.

"எந்தச் சத்தம்?" என்றார் கம்பி.

"விளையாடாதீங்க சார்" என்று சொல்லி அவன் அந்த இடத்தைப் போட்டான். கடையில் ஒரு பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டாள். இசை நின்றது. பிறகு கம்பி சிரித்து, "அது தொழில் ரகசியம் தம்பி" என்றார். அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். வாடிக்கையாளர் முன்னால் ஊசி விரலில் ஏறிவிட்டால் அவள் சிரிக்கிற சிரிப்பு அது.

இரண்டு நாள் கழித்து, கிட்டார் கம்பி வாங்கி வருகிறேன் என்று போனவர், இரண்டு காதுக்குப் பின்னாலும் சின்னதாக ஏதோ மாட்டிக்கொண்டு வந்தார். கடை வாசலில் நின்றுவிட்டார். அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். "கத்திரிக்கோல் இப்படியா சத்தம் போடும்?" என்றார். ஒரு பெண் பொத்தான்களைக் கிண்ணத்தில் கொட்டினாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆல்பத்தைப் போட்டார். முழுவதும் ஓடியது. கீழே மிஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. அன்று குதிகால் தட்டவில்லை.

மறுநாள் நிறுவனத்துக்குப் போனார். எல்லாவற்றையும் நிறுத்துங்கள், நான் திரும்ப மிக்ஸ் செய்து தருகிறேன் என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் விடவில்லை, சவுண்டோடு உட்கார்ந்து 'அவளுக்கு' ஒன்றை மட்டும், காதில் கருவியோடு, தான் நினைத்தபடியே தணிவாகச் செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். மரியாதையாகக் கடைசி வரை கேட்டார்கள். "நல்லா இருக்கு சார்" என்றான் ஒருவன். "பெரிய ஹோட்டல்ல லிஃப்ட்டுக்குள்ள போடுவாங்களே, அந்த மாதிரி நிம்மதியா இருக்கு. ஆனா நம்ம ஆளுங்க கேக்கறது அந்தக் கோவம் சார். மேடைக் கச்சேரிக்கெல்லாம் பேசியாச்சு. அதே சத்தம்தான் வேணும்."

கம்பி ஒத்துக்கொண்டுவிட்டார். வேறு என்ன செய்வார்? அந்தச் சத்தத்தை வாசிக்க வேண்டுமானால் கருவியைக் கழற்றி வைக்க வேண்டும். மாட்டிக்கொண்டு அதை அவராலேயே கேட்க முடியாது. இனி மிச்சக் காலம் தனக்குக் கேட்காத ஒன்றை வாசித்துக் கைதட்டல் வாங்க வேண்டியதுதான். இதையெல்லாம் அவளிடம் அவர் சொல்லவில்லை. சவுண்டுதான் போனில் சொல்லி அழாத குறையாகப் பேசினார். "நீங்க அன்னைக்கே சொன்னதையும் அவர் சிரிச்சதையும் சொன்னேன்க்கா அண்ணன்கிட்ட. 'சிரிச்சேனா நான்?'ன்னு கேட்டாரு" என்றார்.

சாயங்காலம் கடையைப் பெண்களிடம் விட்டுவிட்டு மேலே போனாள். கம்பி மேஜையருகே உட்கார்ந்திருந்தார். கிட்டார் பைக்குள் இருந்தது.

"எங்கிட்ட சொன்னியாமே" என்றார்.

"சொன்னேன்."

"எப்போ?"

"பஸ்ஸுல வரும்போது."

கம்பி யோசித்தார். மேஜைமேல் விரலை வைத்து பஸ்ஸின் வரிசைகளை வரைவதுபோல் நகர்த்திப் பார்த்தார். பிறகு விரல் நின்றது. "நான் ஜன்னலோரம். நீ இந்தப் பக்கம்" என்று இடது தோளைத் தொட்டுக்கொண்டார்.

"ஆமா."

"தெரியாமத்தானே இந்தப் பக்கம் உக்காந்த?"

கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்து நீட்டினார், பாவம். வாங்கிக்கொள்ளேன் என்று முகம் கெஞ்சியது. இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

"ஆமாங்க. எனக்கென்ன தெரியும்? தெரியாமத்தான் உக்காந்தேன்."

கம்பி கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ மெட்டைக் கவனிக்கிறவர்போல் தலை லேசாகச் சாய்ந்தது.

"பொய் சொல்றப்ப உன் குரல் நுனியில சின்னதா ஒரு கீச்சு வருது" என்றார். "இத்தனை வருஷமா எனக்கு அது கேட்டதே இல்ல."

பிறகு அவர் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் காதுல வேற என்னல்லாம் சொல்லியிருக்க?"

எல்லாம்தான் சொல்லியிருந்தாள். ஒவ்வொன்றும் நியாயமான சொல். ஒன்றைக்கூட அவள் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. கேட்கிற காது ஒன்று கிடைத்தால் அத்தனையும் கொட்டித் தீர்த்துவிடலாம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அந்தக் காது இதோ எதிரே உட்கார்ந்து கேட்கிறது.

கம்பி காத்திருந்து பார்த்தார். பிறகு இடது காதிலிருந்த கருவியைக் கழற்றினார். வலது காதிலிருந்ததையும் கழற்றினார். இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இடது காது அவள் பக்கம் வரும்படி உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு" என்றார். "எப்பவும்போல சொல்லு."

அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.